முதல் விலைக்கே சரி

கடைவீதியில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றால் அது வீட்டாருக்குத் தெரிவதற்கு முன்பே எதிர்க்கடைக்குத் தெரிந்துவிடும். பொத்தான்கடை அம்மாளுக்கு வந்த நோயும் அப்படித்தான் வெளியே வந்தது. காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. சரக்கு கொண்டுவந்த லேஸ்காரர் ஒரு விலை சொன்னார். அவள் "சரி" என்றாள். அவ்வளவுதான், வீதியே கலங்கிப்போனது.

கலங்காமல் என்ன செய்யும்? அவளுக்கு அந்த வீதி வைத்திருந்த பெயர் கத்தரி. யார் என்ன விலை சொன்னாலும் முதலில் சிரிப்பாள். அந்தச் சிரிப்பிலேயே கால்வாசி உதிர்ந்துவிடும். பிறகு சரக்கைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, "நல்லாத்தான் இருக்கு, பாவம்" என்பாள். அந்தப் பாவம் சரக்குக்கா, கொண்டுவந்தவருக்கா என்று அவர் யோசிப்பதற்குள் இன்னொரு கால்வாசி போயிருக்கும். மீதிப் பாதியில்தான் பேச்சே ஆரம்பமாகும். அவளுடைய கணவருக்கு வீதியில் பட்டப்பெயர் என்று எதுவும் கிடையாது. 'கத்தரி வீட்டுக்காரர்' என்பதே போதுமானதாக இருந்தது. கடை அவர் பெயரில், கல்லா அவள் கையில், நிம்மதி இருவருக்கும் பொதுவில் என்று வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

பொத்தான், ஜிப், லேஸ், கொக்கி எல்லாம் மொத்தமாக விற்கும் கடை. சுவர் முழுக்கச் சின்னச் சின்ன இழுப்பறைகள். ஒவ்வொன்றின் முகத்திலும் உள்ளே இருப்பதில் ஒரு பொத்தான் தைக்கப்பட்டிருக்கும். புதிதாக வருகிறவர்கள் அந்தச் சுவரைப் பார்த்ததும் ஆயிரம் கண்கள் தங்களையே பார்ப்பதுபோல் ஒரு கணம் நின்றுவிடுவார்கள். அந்த ஒரு கணம் கத்தரிக்குப் போதும். வந்தவருடைய சட்டை, செருப்பு, அவசரம் மூன்றையும் எடைபோட்டு முடித்திருப்பாள்.

அப்படிப்பட்டவள் "சரி" என்றதும் லேஸ்காரர் பயந்துவிட்டார். இறங்கி வருவதற்காக மூன்று படி ஏற்றித்தான் விலையைச் சொல்லியிருந்தார். "அக்கா, நான் சொன்னது உங்களுக்குக் கேட்டுச்சா?" என்றார். "கேட்டுச்சே. சரின்னுதானே சொன்னேன். இறக்கிடுங்க." லேஸ்காரர் மூட்டையை இறக்கவில்லை. அதைத் தூக்கிக்கொண்டு நேரே எதிர்க் கடைக்குப் போய், "அக்காவுக்கு என்னமோ ஆயிடுச்சுப்பா" என்று உட்கார்ந்து ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தார். நல்ல மனுஷர். வேறொருவராக இருந்தால் காசை வாங்கிக்கொண்டு அடுத்த மூட்டைக்கு ஓடியிருப்பார்.

அதற்குப் பிறகுதான் மற்றவை கண்ணில் பட ஆரம்பித்தன. இடது கன்னமும் இடது கையும் சேர்ந்தாற்போல் ஒரு வெட்டு வெட்டி நிற்கும். கண்சிமிட்டும் நேரம்தான், கையில் இருந்த பேனா பறக்கும். வந்த வாடிக்கையாளரை உட்காரச் சொல்லி, அவர் உட்கார்ந்ததும் மறுபடி "வாங்க, உட்காருங்க" என்பாள். கேட்டால், "எனக்கு ஒண்ணுமில்லையே" என்று மணியடித்தாற்போல் சொல்வாள். அந்தக் குரலில் ஒரு தடுமாற்றமும் இருக்காது. அதை நம்பித்தான் கணவர் கொஞ்ச நாளைக் கோட்டைவிட்டார்.

முதலில் பார்த்த டாக்டர் ரத்தத்தில் உப்பு குறைந்திருக்கிறது என்றார். "உப்புதானே டாக்டர், எங்க வீதியிலயே மொத்த விலைக்குக் கிடைக்கும்" என்று இவர் சந்தோஷப்பட்டார். அந்தச் சந்தோஷம் நீடிக்கவில்லை. ஒரு நாள் அவள் மகளைப் பார்த்து, "நீ எந்தக் கடைப் பொண்ணு?" என்று கேட்டாள். பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள்.

அங்கே இருந்த நரம்பு டாக்டரம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னார். முதுகுத் தண்டிலிருந்து நீர் எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், தலையைப் படம் பிடித்தார்கள். மூளையில் அழற்சி. கிருமி எதுவும் காரணமில்லை. உடம்பின் காவல்படையே ஆள் தெரியாமல் மூளைமேல் கை வைத்திருக்கிறது.

"வாசல்ல நிறுத்தி வெச்ச காவலாளி வீட்டுக்காரரையே திருடன்னு நினைச்சு அடிச்சா எப்படி? அந்த மாதிரி" என்றார் டாக்டரம்மா.

"அப்படின்னா காவலாளிய வேலைய விட்டு நிறுத்திடலாமே டாக்டர்."

"நிறுத்தினா நிஜத் திருடன் வந்துடுவான். கொஞ்ச நாளைக்குத் தூங்க வைக்கலாம். மாத்திரை, ஊசி எல்லாம் அதுக்குத்தான்."

தூங்க வைத்தார்கள். அந்த வாரங்களில் பொத்தான்கடைக்காரர் கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் இடையில் ஓடிய ஓட்டத்தில் எது கடை, எது வார்டு என்றே அவருக்குத் தெரியாமல் போனது. கடையில் நின்றுகொண்டு வாடிக்கையாளரிடம் "தூக்கம் வந்ததா?" என்று கேட்டார். வார்டில் நர்ஸிடம் "எத்தனை டஜன்?" என்றார்.

பிறகு மெல்ல மெல்ல அவள் திரும்பி வந்தாள். வெட்டு நின்றது. ஞாபகம் சரக்கு வண்டி வருவதுபோல் தவணை முறையில் வந்து இறங்கியது. முதலில் விலைகள் வந்தன. சொந்தக்காரர்களின் பெயர்கள் அப்புறம்தான் வந்தன. சிப்பிப் பொத்தான் விலை ஞாபகம் வந்த பிறகுதான் தம்பி பேர் ஞாபகம் வந்தது என்பதில் அவளுடைய தம்பிக்கு இன்றைக்கும் ஒரு வருத்தம் உண்டு. "நான் சிப்பிப் பொத்தானைவிட மட்டமாக்கா?" என்று போனில் கேட்பான். "விலை போற சரக்கு முதல்ல வரும்டா" என்பாள் அவள்.

* * *

வீட்டுக்கு வந்தாயிற்று. மாத்திரையால் முகம் கொஞ்சம் பூரித்திருந்தது, பசி அதிகம், மற்றபடி பழைய கத்தரிதான். அவளுக்கு வேண்டியவை இரண்டே. ஒன்று, கல்லாவில் பழைய இடம். இரண்டு, தொழிற்சாலைகளுக்குப் போய்ச் சரக்கு எடுக்கும் கொள்முதல் வேலை. அவை இரண்டும் இல்லாத வாழ்க்கையை அவள் வாழ்க்கை என்றே ஒத்துக்கொள்ளவில்லை.

"அடுத்த டெஸ்ட் வரட்டும்" என்றார் கணவர்.

அடுத்த டெஸ்ட் வந்தது. "இன்னும் ஒரு டெஸ்ட் பாத்துடலாம்."

அவர் பயத்துக்கும் ஒரு கணக்கு இருந்தது. இந்த நோய் திரும்பி வரலாம் என்று டாக்டரம்மா ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தார். போன தடவை அவள் "எனக்கு ஒண்ணுமில்லை" என்று சொன்ன அழகை அவர் மறக்கவில்லை. ஆகவே அவள் வாய் சொல்வதை நம்புவதில்லை என்று முடிவு கட்டிக்கொண்டு, சொந்தமாக ஒரு பரிசோதனையைக் கண்டுபிடித்தார். ஊசி வேண்டாம், ரத்தம் வேண்டாம். காதை மட்டும் தீட்டிவைத்துக்கொள்ள வேண்டும். என்றைக்கு அவள் முதல் விலைக்குச் "சரி" என்கிறாளோ அன்றைக்கு நோய் திரும்பிவிட்டது என்று அர்த்தம். வீதிக்கே தெரிந்த அறிகுறி. ஆஸ்பத்திரிக் கருவிக்குப் பிடிபடுவதற்கு முன்பே லேஸ்காரருக்குப் பிடிபட்டதல்லவா!

அவளைக் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியில் உட்காரவைத்து, பொத்தான் ரகம் பிரிக்கும் வேலையைக் கொடுத்தார். அவர் கல்லாவில் உட்கார்ந்து ஓரக்கண்ணால் அவளுடைய இடது கன்னத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

கல்லூரியிலிருந்து வந்த மகள் ஒருநாள் கேட்டாள்: "ஏம்ப்பா, நீங்க அம்மாவ பாத்துக்கறீங்களா, இல்ல ஸ்டாக் எடுக்கறீங்களா?"

"ரெண்டும்தான்" என்றார் அவர்.

"உங்கப்பாவுக்கு என்னை வித்துடற எண்ணம் போல" என்றாள் அவள், முக்காலியிலிருந்து. "வர்றவங்க கேக்கற விலைய என்கிட்ட சொல்லச் சொல்லு. இவரு ஏமாந்துடுவாரு."

இப்படியே சிரித்துப் பேசிப் போய்க்கொண்டிருந்தது. ஆனால் முக்காலி முக்காலிதான், கல்லா கல்லாதான். அவள் அதை ஒரு நாளும் மறக்கவில்லை.

* * *

அன்றைக்கு மெத்தை உறை தைக்கிறவர் வந்தார். பெரிய பட்டறை வைத்திருப்பவர், பேச்சில் சிக்கனம். பொத்தான்கடைக்காரர் ஏணிமேல் நின்று மேல்வரிசையில் ஏதோ தேடிக்கொண்டிருந்தார்.

"சாம்பல் கலர்ல நாலு கண்ணு பொத்தான் இருக்காக்கா?"

"இருக்கே. எதுக்கு? சட்டைக்கா?"

"சட்டை எங்க தைக்கிறோம்? தலகாணி, மெத்தை உறைதான். மடிப்புக்கு உள்ள போயிடும்."

அவள் எழுந்து உள்ளே போய், ஜன்னலோரம் அடுக்கியிருந்த அட்டைப்பெட்டிகளிலிருந்து ஒரு பிடி அள்ளிக்கொண்டு வந்து கண்ணாடி மேஜையில் கொட்டினாள். மெத்தைக்காரர் விரலால் அளைந்தார். "மொத்தமும் எடுத்துக்கறேன்" என்று சொல்லி ஒரு விலை சொன்னார். கேட்ட ஏணியே கொஞ்சம் ஆடியது. அப்படி ஒரு அடிமாட்டு விலை. பேரம் ஆரம்பிக்க வேண்டும் என்பதற்காக மட்டுமே சொல்லப்படும் விலை. சொன்னவரே பிறகு வெட்கப்படவேண்டிய விலை.

ஏணிமேல் இருந்தவர் அவளுடைய சிரிப்புக்காகக் காத்திருந்தார்.

"சரி" என்றாள் அவள். "வண்டிய அனுப்புங்க. இன்னிக்கே எடுத்துக்கணும்."

மெத்தைக்காரர் ஒரு கணம் அவளையே பார்த்தார். பிறகு, பேச்சில் சிக்கனமானவர் ஆகையால், மறுபேச்சு பேசாமல் வண்டிக்குப் போன் செய்தார்.

பொத்தான்கடைக்காரருக்கு ஏணியில் எத்தனை படி இருந்தது, அதில் எத்தனை படியில் கால் வைத்தார் என்பது தெரியாது. தரைக்கு வந்துவிட்டார். மெத்தைக்காரரின் வண்டி வந்து, பெட்டிகள் ஏறி, அந்த மனுஷர் வெளியே போகிற வரைக்கும் முகத்தில் ஒரு சிரிப்பைத் தைத்துவைத்திருந்தார். போனதும் ஷட்டரைப் பாதி இறக்கினார்.

"கிளம்பு. ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"யாருக்கு என்ன?"

"உனக்குத்தான்."

"எனக்கு ஒண்ணுமில்லையே."

அந்தக் குரல், அதே மணியடித்த குரல். அவர் டாக்ஸிக்குப் போன் செய்தார்.

"அந்தச் சரக்கைப் பத்தித்தானே? சொல்றேன் கேளுங்க..."

"நீ எதுவும் சொல்லாத. போன தடவையும் இப்படித்தான் விளக்கமா சொன்ன. வாய மூடிக்கிட்டு ரெஸ்ட் எடு, டாக்ஸி வருது."

டாக்ஸியில் அவர் அவளுடைய இடது கையைப் பிடித்துக்கொண்டார். பாசம் பாதி, வெட்டுகிறதா என்று பார்ப்பதற்குப் பாதி. அவள் கையை உருவிக்கொள்ளவில்லை. ஜன்னல் வழியே கடைகளைப் பார்த்துக்கொண்டு வந்தவள் திடீரென்று திரும்பினாள்.

"என்னங்க, ஒரு ஒப்பந்தம் போட்டுக்கலாமா?"

"இப்பவா?"

"இப்பதான். டெஸ்ட்ல நோய் திரும்பிடுச்சுன்னு வந்தா, நான் முக்காலி கூடக் கேக்கல. வீட்லயே இருந்துடறேன். திரும்பலைன்னு வந்தா, கல்லா எனக்கு."

"சரி."

"கொள்முதலும் எனக்கு."

"சரி, சரி."

"முக்காலில நீங்க உக்காரணும்."

"சரிம்மா, எல்லாத்துக்கும் சரி. முதல்ல நீ நல்லபடியா இருந்தா போதும்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளோ என்று அவர் பயந்தார். டாக்ஸிக்காரர் முன்கண்ணாடியில் பார்த்துவிட்டு, அந்த அம்மா சிரிக்கிறார் என்பதைத் தெரிந்துகொண்டு, வண்டியின் வேகத்தைக் கொஞ்சம் குறைத்தார்.

* * *

டாக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டார். அவர் சிரிக்கவில்லை. "முதல் விலைக்கே சரின்னாங்க" என்பதை ஒரு நோய்க்குறியாக மதித்துக் குறித்துக்கொண்டார். அதனாலேயே பொத்தான்கடைக்காரருக்கு அவர்மேல் மரியாதை இன்னும் ஒரு முழம் கூடியது.

பிறகு அவளைச் சோதித்தார். கையை நீட்டச் சொன்னார், கண்ணை மூடச் சொன்னார், மூன்று வார்த்தை சொல்லி ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னார்: குடை, நாற்காலி, மணி.

"நூறுலேர்ந்து ஏழு ஏழா குறைச்சுக்கிட்டே வாங்க பாக்கலாம்."

"குறைக்கிறதுக்கு எனக்குச் சொல்லித் தரணுமா டாக்டர்?" என்றாள் அவள். தொண்ணூற்று மூன்று என்று ஆரம்பித்தவள் மளமளவென்று இறங்கி வந்து இரண்டில் நின்று, "இதுக்குமேல குறைச்சா கட்டாது" என்றாள். கூடவே மனதுக்குள் கழித்துக்கொண்டு வந்த கணவர் ஐம்பத்தொன்றிலேயே வழி தவறியிருந்தார்.

"அந்த மூணு வார்த்தை?"

"குடை, நாற்காலி, மணி. நாற்காலின்னதும் ஞாபகம் வருது, நான் உக்காந்திருக்கற இதுல பின்கால் ஆடுது. மாத்திடுங்க, யாராவது விழுந்துடப் போறாங்க."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "இப்ப சொல்லுங்க. அந்த விலைக்கு ஏன் குடுத்தீங்க?"

அவள் கணவரைப் பார்த்தாள். "இவரு இருக்காரே, சொல்லலாமான்னு பாக்கறேன்."

"சொல்லு" என்றார் அவர்.

"நான் வார்டுல கிடந்தப்போ வாங்கின சரக்கு டாக்டர் அது. கடையில நான் இல்லைன்னு தெரிஞ்சு எவனோ கொண்டுவந்து தள்ளிட்டுப் போயிருக்கான். மேல் பாதி ஒரு சாம்பல், அடில வேற சாம்பல். சட்டையில வெச்சுத் தெச்சா ஒரே சட்டையில ரெண்டு கலர் பொத்தான் இருக்கும். அதை எந்தத் தையல்காரர் வாங்குவாரு? நான் முக்காலில உக்காந்த முதல் நாளே பாத்துட்டேன். பேசாம இருந்தேன். இன்னிக்கு மெத்தைக்காரரு வந்தாரு. மடிப்புக்குள்ள போற பொத்தான், கலர் எப்படி இருந்தா என்ன? ரெண்டையும் கலந்துதான் அவர் முன்னாடி கொட்டினேன், அவரும் பாத்துட்டுத்தான் எடுத்தாரு. நான் பேரம் பேசியிருந்தா அவரு யோசிச்சிருப்பாரு. யோசிக்கிற ஆளு நாளைக்கு வரேன்னு போயிடுவாரு."

"இதை ஏன் என்கிட்ட சொல்லல?" என்றார் கணவர்.

"எப்ப சொல்றது? வாங்கிப் போட்டது நீங்க. கடைக்காரரைக் கடையில வெச்சே, வெளி ஆள் முன்னாடி விட்டுக்குடுக்கறதா? அப்புறம் சொல்ல வந்தேன், ரெஸ்ட் எடுன்னீங்க." அவள் குரலைக் கொஞ்சம் தணித்துக்கொண்டாள். "அந்தப் பொத்தானை என்ன விலைக்கு வாங்கினீங்கன்னு கேட்டா, உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

அவருக்கு ஞாபகம் இல்லை. யாரோ வந்தார், ஏதோ சொன்னார். வார்டில் பார்வையாளர் நேரம் முடியப் போகிறதே என்ற ஒன்றுதான் அன்றைக்கு அவர் மனதில் இருந்தது. "சரின்னு சொன்னேன்னு நினைக்கிறேன்" என்றார்.

"அதேதான்" என்றாள் அவள். அதற்குமேல் அதைக் கிண்டவில்லை. கத்தரிக்கும் எங்கே வெட்டக்கூடாது என்று தெரியும்.

டாக்டரம்மா அப்போதும் ரத்தம் எடுக்கவும் தலையை மறுபடி படம் பிடிக்கவும் சொன்னார். "கதை நல்லா இருக்கு, எனக்கு நம்பிக்கையும் இருக்கு. ஆனா இந்த நோய்ல நான் கதையை மட்டும் வெச்சு முடிவு பண்றதில்ல." உப்பின் அளவு அன்றைக்கே தெரிந்துவிட்டது, சரியாக இருந்தது. மற்ற ரத்தச் சோதனைகள் பெரிய ஆய்வுக்கூடத்துக்குப் போய் வர வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் பொத்தான்கடைக்காரர் யாருக்கும் சொல்லாமல் கடையைத் திறந்து உள்ளே போனார். பெட்டிகள் இருந்த இடத்தில் சிந்திய பொத்தான்கள் சில கிடந்தன. பொறுக்கி உள்ளங்கையில் வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். புறாக் கழுத்து மாதிரி ஒன்று, அடுப்புச் சாம்பல் மாதிரி ஒன்று. குருடனுக்குக்கூடத் தெரிந்திருக்கும். இத்தனை நாளாக அவர் அவளுடைய கன்னத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அவருடைய சரக்கைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்திருக்கிறாள். அவருக்குச் சிரிப்பும் வந்தது, வேறொன்றும் வந்தது. மூக்கைச் சிந்திக்கொண்டு ஷட்டரை இறக்கினார்.

* * *

முடிவு வந்த அன்றைக்கு, டாக்டரம்மா அறைக்குள் கூப்பிடுவதற்கு முன்பே தாள் இவர் கைக்கு வந்துவிட்டது. வரிசையாக எண்கள். நடுவில் ஒரு வரி: எதிர்ப்பொருள், பாசிட்டிவ். அவர் விரல் அந்த வரியிலேயே நின்றது. அவள் தாளை எட்டிப் பார்த்தாள். அவளும் அதைத்தான் பார்த்தாள். டாக்ஸியில் போட்ட ஒப்பந்தம் ஞாபகம் வந்திருக்க வேண்டும். கைப்பையை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டாள். முதல் தடவையாக அவளிடம் ஒரு கிண்டலும் இல்லை.

உள்ளே போனதும் இவர் தாளை மேஜைமேல் வைத்தார். "டாக்டர், இந்த நம்பரைக் கொஞ்சம் குறைக்க முடியாதா? இன்னொரு ரவுண்டு ஊசி போட்டாவது? பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துடுங்க. நாங்க எவ்வளவு நாள் வேணும்னாலும் காத்திருக்கோம்."

"உங்க வீட்ல எல்லாத்துக்கும் பேரமா?" என்றார் டாக்டரம்மா. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "நான் சொன்னேனே, ஆள் தெரியாம அடிச்ச காவலாளி. அவனோட ஆளுங்க ரெண்டு பேரு இன்னும் தெருவுல நிக்கறாங்கன்னு இந்த வரி சொல்லுது. நோய் நல்லா குணமான பிறகும் பல பேருக்கு இது ரத்தத்துல கொஞ்சம் இருந்துகிட்டேதான் இருக்கும். தெருவுல நிக்கறதால அடிதடி நடக்குதுன்னு அர்த்தமில்ல."

"அடிதடி நடக்குதா இல்லையான்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள் அவள். பையைப் பிடித்த பிடி தளரவில்லை.

"அதுக்குத்தான் இந்தக் கடைசி வரி." டாக்டரம்மாவின் பேனா கீழே இறங்கியது. "மூளையில நரம்பு இழை அடிபட்டா, அதுக்குள்ள இருக்கற ஒரு புரதம் உடைஞ்சு கசியும். ரத்தத்துல அதோட துளி வந்து சேரும். நீங்க முதல்ல இங்க வந்தப்போ உங்க வயசுக்கு இருக்க வேண்டியதைவிட மேல இருந்தது. இப்ப இறங்கி உங்க வயசுக்காரங்க எல்லாருக்கும் இருக்கற அளவுக்கு வந்துடுச்சு."

பொத்தான்கடைக்காரர் விழித்தார். அவள் விழிக்கவில்லை. பையை மடியிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தாள்.

"அதாவது, தையல் பட்டறை வாசல் மாதிரி" என்றாள் கணவரிடம். "வாசல்ல பிசிறும் துண்டும் குவிஞ்சு கிடந்தா உள்ள வெட்டு நடக்குதுன்னு அர்த்தம். வாசல் கூட்டின மாதிரி இருந்தா, உள்ள கத்தரி சும்மா இருக்கு. கத்தரி பட்டறைக்குள்ளதான் இருக்கு. ஆனா சும்மா இருக்கு."

"ஆமா" என்றார் டாக்டரம்மா. "ஆனா ஒண்ணு சேத்துக்குங்க. எந்தப் பட்டறைன்னு அந்தப் பிசிறு சொல்லாது. தலைல அடிபட்டாலும் வரும், வேற நோய்லயும் வரும். இந்த நோய்க்குன்னு ஒரே ஒரு எண் இன்னும் யார்கிட்டயும் இல்ல. அதனால எண்ணைப் பாப்பேன், உப்பைப் பாப்பேன், படத்தைப் பாப்பேன், ஆளையும் பாப்பேன். நாலும் சேர்ந்து ஒரே பேச்சு பேசணும். இப்ப பேசுது. நோய் திரும்பல. மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமா குறைச்சு நிறுத்திடலாம்."

பொத்தான்கடைக்காரர் தன் கைக்குட்டையைத் தேடினார். அது வழக்கம்போல் மனைவியின் பையில் இருந்தது.

"கல்லாவுல உக்காரலாமா?" என்றாள் அவள்.

"தாராளமா."

"கொள்முதலுக்கு வெளியூர் போகலாமா?"

"போகலாம். ஆனா வண்டி ஓட்டக் கூடாது, நான் சொல்ற வரைக்கும்."

"ஓட்டறதுக்கு ஆள் இருக்காரு, முக்காலில சும்மாத்தான் உக்காந்திருப்பாரு." அவள் எழுந்தாள். வாசல் வரைக்கும் போனவள் திரும்பினாள். "டாக்டர், போறதுக்கு முன்னாடி இவருக்கும் ஒரு ரத்தம் எடுத்துப் பாத்துடுங்க."

"ஏன், இவருக்கு என்ன?"

"டாக்ஸியில மூணு விலை சொன்னேன். மூணுக்கும் முதல் பேச்சுலயே சரின்னுட்டாரு. அந்தப் பொத்தானோட சேத்தா நாலு தடவை. எங்க வீதியில இது பெரிய வியாதி."

இத்தனை நாளில் அன்றைக்குத்தான் டாக்டரம்மா வாய்விட்டுச் சிரித்தார். கண்ணாடி நெற்றியிலிருந்து நழுவி மூக்கில் வந்து உட்கார்ந்தது.

* * *

மறுநாள் காலை முக்காலியில் பொத்தான்கடைக்காரர் உட்கார்ந்து ரகம் பிரித்துக்கொண்டிருந்தார். முக்காலி அவ்வளவு மோசமில்லை. காற்று வந்தது, வீதி தெரிந்தது, பொறுப்பு இல்லை. இதில் இத்தனை நாள் உட்கார்ந்தவள் ஏன் குறைபட்டுக்கொண்டாள் என்று யோசித்தார். அப்போது கல்லாப் பக்கம் திரும்பிப் பார்த்து விஷயத்தைப் புரிந்துகொண்டார். அங்கே உட்கார்ந்திருப்பது வேறு மாதிரியான ஒரு பெண். முதுகு நிமிர்ந்திருந்தது. பின்னால் இருந்த அத்தனை பொத்தான் கண்களும் அவளுக்குச் சொந்தமானவை போல் இருந்தன.

லேஸ்காரர் வந்தார். அந்தச் "சரி"க்குப் பிறகு அவர் இந்தப் பக்கம் வரவில்லை. தன் விலைதான் அக்காவுக்கு நோயைக் கொண்டுவந்தது என்பதுபோல் ஒரு குற்ற உணர்ச்சி அவருக்கு. இன்றைக்கும் தயங்கித் தயங்கித்தான் மூட்டையை இறக்கினார். விலையைச் சொல்லிவிட்டு அவளுடைய முகத்தைப் பார்க்காமல் தன் செருப்பைப் பார்த்தார்.

முக்காலியில் பொத்தான் பிரித்துக்கொண்டிருந்த கை நின்றது.

அவள் சிரித்தாள். வீதி முழுக்கக் கேட்கும் சிரிப்பு. எதிர்க் கடையில் ஜிப் எண்ணிக்கொண்டிருந்தவர் எண்ணிக்கையை விட்டுவிட்டுத் தலையைத் தூக்கினார். பிறகு லேஸில் ஒரு சுருளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள். "பாவம்."

அதற்கப்புறம் நடந்ததை விலாவாரியாகச் சொல்வதற்கில்லை; லேஸ்காரருக்கும் பிள்ளைகுட்டிகள் இருக்கிறார்கள், அவர் மானத்தைக் கொஞ்சம் காப்பாற்ற வேண்டும். அவர் இரண்டு தடவை மூட்டையைக் கட்டினார், இரண்டு தடவை அவிழ்த்தார். ஒரு தடவை கடைவாசல் வரைக்கும் போய்த் திரும்பினார். கடைசியில் வேர்த்து விறுவிறுத்து, கொடுத்த தேநீரைக் கையில் வாங்கிக்கொண்டு, முக்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"அண்ணே, அக்காவுக்குப் பூரணமா குணமாயிடுச்சு" என்றார். ஒரு வாய் குடித்தார். "அந்த டாக்டருங்க எங்களுக்காகக் கொஞ்சம் மிச்சம் வெச்சிருக்கலாம்."